இரட்டைப் பூட்டிலிருந்து பல சாவி வரை: தென்சென்னைப் புறநகரில் காவலும் வாரிசுரிமையும்

மதிப்புள்ள பொருளுக்கு ஒரே சாவியும் அந்தச் சாவிக்கு ஒரே ஆளும் இருப்பது இரண்டு வகையில் ஆபத்தானது. வைத்திருப்பவர் நாணயம் தவறினால் பொருள் போய்விடும். அவர் திடீரென்று இறந்துவிட்டால் பொருள் இருந்தும் இல்லாத கணக்குதான். முதல் ஆபத்தைத் தடுக்கச் சாவியைப் பலர் கையில் பிரித்து வைக்கும் வழக்கம் கஜானாவிலும் கோயிலிலும் வங்கியிலும் நெடுங்காலமாக உண்டு. இரண்டாவது ஆபத்துக்கு அந்த நிறுவனங்கள் கண்ட விடை வேறு: சாவி வைத்திருந்தவர் போனாலும் அவர் அமர்ந்திருந்த நாற்காலி போகாது, அடுத்து வருபவர் அதே சாவியைக் கணக்கெழுதி வாங்கிக்கொள்வார். பிட்காயின் போன்ற மின்னணுச் சொத்துகள் முதல் விடையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை யாரும் எதிர்பாராத அளவுக்குக் கூர்மையாக்கி, இரண்டாவதைக் கைவிட்டன. தாம்பரத்தையும் அதைச் சுற்றியுள்ள தென்சென்னைப் புறநகரையும் வைத்து இந்த மாற்றத்தைப் பார்ப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: சாவிக்கும் உரிமைக்கும் இடையே சட்டம் போட்ட ஒரு கோடு, இந்த ஊர்களுக்குச் சற்று வடக்கே, ஒன்றரை நூற்றாண்டு காலம் நின்றது.

ஆர்க்காட்டு நவாப் 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக விட்டுக்கொடுத்த செங்கல்பட்டுச் சீமைக்குள்தான் தாம்பரமும் பல்லாவரமும் மாடம்பாக்கமும் அடங்கியிருந்தன. சென்னை நகரம் கோட்டையோடு வளர்ந்த தனி ஆட்சிப் பகுதியாக இருந்தது. அடையாற்றுக்குத் தெற்கே பெரும்பாலும் ஏரியும் வயலும் செம்மண் மேடுமாகக் கிடந்த நிலம், மாவட்ட ஆட்சியரின் வரிப்புத்தகத்தில் இருந்தது. அந்த வரி நாணயமாக வந்து சேர்ந்த இடங்கள் இரண்டு. மாவட்டத் தலைமையிடத்தில் இருந்தது ‘ஹுசூர் கஜானா’ எனப்பட்டது. தாசில்தாரின் பொறுப்பில் இருந்தது தாலுகா கஜானா. பல நாட்டு நாணயங்கள் புழங்கிய காலத்தில் நல்ல காசையும் கள்ளக் காசையும் பிரித்தறிந்து எண்ணி வைப்பவர் சராப். பணத்தை நாள்தோறும் தொடுபவர் அவரே ஆகையால் அவரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டியிருந்தது. அந்தச் சந்தேகத்தை மரியாதையான நடைமுறையாக மாற்றியதே இரட்டைப் பூட்டு.

இந்த நடைமுறை இன்றும் தமிழ்நாட்டின் கருவூலங்களிலும் சார்கருவூலங்களிலும் உயிரோடு இருக்கிறது. காப்பறையின் கதவில் வெவ்வேறு சாவிகளுக்கு உரிய இரண்டு பூட்டுகள் இருக்கும். ஒரு சாவி கருவூல அலுவலரிடமும் மற்றது கணக்கரிடமோ காசாளரிடமோ இருக்கும். இருவரும் ஒன்றாக நின்றால்தான் கதவு திறக்கும். மொத்த முத்திரைத்தாள் இருப்பும், பிற துறைகள் காவலுக்குக் கொடுத்த முத்திரையிட்ட உறைகளும் உள்ளே இருக்க, அன்றாடத் தேவைக்கான சிறு பகுதி மட்டும் ஒற்றைப் பூட்டுக்கு எடுத்து வரப்பட்டு மாலையில் கணக்குச் சரிபார்க்கப்படும். இதைவிட நுட்பமான ஏற்பாடு மாற்றுச் சாவிகளைப் பற்றியது. ஒவ்வொரு பூட்டின் இரண்டாவது சாவியும் உறையிலிட்டு அரக்கு முத்திரை வைக்கப்பட்டு வேறோர் இடத்தில் காவலுக்கு அனுப்பப்படும். அலுவலர் மாறும்போது சாவி கைமாறியது தேதியோடு பதிவேட்டில் ஏறும். ஒரு கருவூல அலுவலர் இரவோடிரவாக இறந்துபோனாலும் அரசுப் பணம் அவருடைய குடும்பத்தாரின் பிரச்சினை ஆவதில்லை. சாவி அவருடையதாக என்றுமே இருந்ததில்லை என்பதும், பொருள் அவருடையது அன்று என்பதும் எல்லோருக்கும் முன்பே தெரிந்த செய்தி.

கோயில் உண்டியலிலும் இதே அறிவு செயல்படுகிறது. இந்து சமய அறநிலையத் துறையின் ஆளுகைக்கு உட்பட்ட கோயில்களில் உண்டியலை அறங்காவலரோ செயல் அலுவலரோ தனியாகத் திறக்க இயலாது. துறையின் பிரதிநிதி முன்னிலையில், அவரவர் பொறுப்பில் உள்ள பூட்டை அவரவர் திறந்த பிறகே காணிக்கை எண்ணப்படும். திருநீர்மலையிலும் மாங்காட்டிலும் உண்டியல் எண்ணும் நாளில் தரையில் விரித்த துணியைச் சுற்றி அமர்ந்து நாணயம் பிரிப்பவர்களைப் பக்தர்கள் பார்த்திருக்கக்கூடும். அதற்கு முன் நடக்கும் பூட்டு, முத்திரைச் சரிபார்ப்பு அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. பிரித்துவைத்த சாவி தொலைந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பூரி ஜெகந்நாதர் கோயில் நல்ல சான்று. அங்கே ரத்ன பண்டாரம் எனப்படும் நகைக் காப்பறையின் உள்ளறைச் சாவி காணவில்லை என்று 2018இல் தெரியவந்தபோது ஒடிசாவில் பெரும் அரசியல் புயலே எழுந்தது. 2024 ஜூலை 14 அன்று அலுவலர்கள் முன்னிலையில் உள்ளறைப் பூட்டுகள் உடைக்கப்பட்டு அறை திறக்கப்பட்டது. சாவி போனாலும் உரிமை போகவில்லை. உரிமையை மெய்ப்பிக்க ஆவணமும் அதிகாரியும் பூட்டை உடைக்க ஒரு தொழிலாளியும் போதுமாக இருந்தது. இந்தக் கடைசி ஆள் பின்னால் இல்லாமல் போகிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தனியார் குடும்பங்களுக்கு இரட்டைச் சாவி வந்து சேர்ந்தது வங்கி லாக்கர் வழியாக. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் நகர நெருக்கடியை விட்டுச் சேலையூர்க் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்ததும், விமானப்படை நிலையமும் ரயில்வே பணியிடங்களும் பெருகியதும், சம்பளக்காரக் குடும்பங்களை இத்தடத்தில் கொண்டுவந்து சேர்த்தன. குரோம்பேட்டையிலும் சிட்லப்பாக்கத்திலும் மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்கு இருந்த செல்வம் அந்த வீடும், மனைவி மகளின் நகையும், அஞ்சலகச் சேமிப்பும்தான். நகை லாக்கருக்குப் போனது. லாக்கர் திறக்க வங்கியின் சாவியும் வாடிக்கையாளரின் சாவியும் சேர வேண்டும். வங்கி முதலில் தன் சாவியைத் திருப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பிறகு வாடிக்கையாளர் தனியாகத் திறப்பார். இரண்டு சாவியில் இரண்டு என்ற இந்தக் கணக்கு கருவூலத்தில் கண்டதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கருவூலத்தில் இரு சாவிக்காரர்களும் பதவியில் இருப்பவர்கள். லாக்கரில் ஒருவர் பதவி, மற்றவர் உடலும் உயிருமான மனிதர்.

அந்த மனிதர் இறந்தால் என்ன செய்வது என்பதற்கு வங்கிச் சட்டத்தில் தெளிவான விடை 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் வந்தது. அத்திருத்தம் வைப்புத்தொகைக்கும் காவலுக்குக் கொடுத்த பொருளுக்கும் லாக்கருக்கும் ‘நாமினி’ என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் நியமனதாரரைக் குறிப்பிட வழி செய்தது. இரு சுயேச்சையான சாட்சிகளும் வங்கி அலுவலரும் நிற்க, உள்ளே இருப்பவற்றைப் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நியமனதாரரிடம் ஒப்படைப்பார்கள். நியமனதாரரும் இல்லை, சாவியும் இல்லை என்றால் லாக்கரைத் துளையிட்டுத் திறப்பார்கள். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம். லாக்கருக்கோ ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசையில் மட்டுமே நியமிக்கலாம், ஒரே நேரத்தில் நால்வர் உள்ளே நுழைய முடியாது. நியமனதாரர் பொருளை வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே, உரிமையாளர் அல்லர் என்பதை உச்ச நீதிமன்றம் 1984இல் ஆயுள் காப்பீட்டுத் தொகை பற்றிய சர்பதி தேவி வழக்கில் சொன்னது. 2023 டிசம்பரில் பங்குகள் பற்றிய சக்தி எஸ்தானி வழக்கிலும் அதையே உறுதி செய்தது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் நாமினியே வாரிசு என்று எண்ணும் குடும்பங்கள் குறையவில்லை; சாவியையும் உரிமையையும் ஒன்றாக எண்ணும் மனப்பழக்கம் அவ்வளவு வலுவானது.

உரிமையின் வரலாறு வேறொரு பாதையில் சென்றது. இந்துக்கள் உயில் எழுதலாமா என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் விவாதப் பொருளாக இருந்து, 1856இல் பிரிவி கவுன்சிலின் தீர்ப்பினாலும் பின்னர் 1870ஆம் ஆண்டின் இந்து உயில் சட்டத்தினாலும் நிலைபெற்றது. அச்சட்டத்தின் சாரம் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவாக அமர்ந்தது. வங்காளத்தின் அன்றைய ஆட்சிப் பகுதியிலோ, சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களின் தொடக்கநிலை உரிமையியல் அதிகார எல்லைக்குள்ளோ ஓர் இந்து உயில் எழுதினால், அல்லது வெளியே எழுதினாலும் அந்த எல்லைக்குள் இருக்கும் அசையாச் சொத்தைப் பற்றி எழுதினால், ‘புரோபேட்’ வேண்டும் என்பது 57ஆம் பிரிவையும் 213ஆம் பிரிவையும் சேர்த்துப் படித்தால் கிடைத்த விதி. புரோபேட் என்பது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் மெய்ப்பித்து முத்திரையிட்டுத் தரும் சான்று. அதற்கு மனு, சாட்சி, நீதிமன்றக் கட்டணம், சில சமயம் பல ஆண்டுக் காத்திருப்பு ஆகியவை தேவைப்பட்டன.

இந்தக் கோட்டுக்கு வெளியே தாம்பரம் இருந்தது. மயிலாப்பூரில் வீடு வைத்திருந்தவரின் உயில் உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருக்க, தாம்பரத்தில் வீடு வைத்துத் தாம்பரத்திலேயே உயிலில் கையெழுத்திட்டவரின் பிள்ளைகள் புரோபேட் இல்லாமலே உரிமை கொண்டாட முடிந்தது. தாம்பரத்து வீட்டுக்கான உயிலைத் தியாகராய நகர் வழக்கறிஞரின் அலுவலகத்தில் வைத்துக் கையெழுத்திட்டால் உயில் எல்லைக்குள் எழுதப்பட்டதாகிவிடும் என்பதால், விவரம் தெரிந்த பத்திர எழுத்தாளர் கையெழுத்து எந்த ஊரில் நடந்தது என்பதை உயிலிலேயே எழுதி வைத்தார். ஒரே தெருவில் மூன்று விதிகள் நிலவிய விந்தையும் இங்கே உண்டு. கிறித்துவர்களுக்கு 213ஆம் பிரிவு ஊர் வேறுபாடின்றிப் பொருந்தியது. முஸ்லிம்களுக்குப் பொருந்தவே இல்லை. ஆக, கல்லூரியை ஒட்டிய குடியிருப்பில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த மூன்று பேரில், கிறித்துவரின் குடும்பம் மட்டும் புரோபேட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தியக் கிறித்துவர்களை விடுவித்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் 213ஆம் பிரிவையே நீக்கியது. அந்த எல்லைக்கோட்டை வரைந்தவர்களுக்கு, அடையாற்றுக்குத் தெற்கே இத்தனை லட்சம் பேர் குடியேறுவார்கள், 2021இல் தாம்பரம் ஒரு மாநகராட்சி ஆகும் என்ற எண்ணம் இருந்திருக்காது.

பதிவுத்துறையில் இதைவிட அமைதியான ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் குறைவு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 42 முதல் 46 வரையுள்ள பிரிவுகளில், உயில் எழுதியவர் அதை உறையிலிட்டு முத்திரையிட்டுப் பதிவாளரிடம் காவலுக்கு விட்டுவர அனுமதிக்கிறது. உறையின் மேல் எழுதியவரின் பெயரும் உள்ளே இருப்பது என்ன என்ற குறிப்பும் இருக்க வேண்டும். பதிவாளர் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை; வந்த நாள், நேரம், உறையின் முத்திரையில் படிக்கக் கூடிய எழுத்து ஆகியவற்றை 5ஆம் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, நெருப்புப் பிடிக்காத பெட்டியில் உறையை வைத்துவிடுவார். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ திரும்பப் பெறலாம். அவர் இறந்தபின் யாரேனும் விண்ணப்பித்து மரணத்தை மெய்ப்பித்தால், விண்ணப்பித்தவரின் முன்னிலையில் உறை திறக்கப்பட்டு உயில் 3ஆம் புத்தகத்தில் படியெடுக்கப்படும்; மூலம் மறுபடி பெட்டிக்குப் போகும். திறக்கும் நேரம் வரை யாருக்கும் தெரியாது, திறக்க வேண்டிய நேரத்தில் கட்டாயம் திறக்கும் என்ற இரண்டு உறுதிகளையும் ஒருசேரத் தருவது இந்தப் பெட்டி. மின்னணுச் சொத்தை வடிவமைத்தவர்கள் பிற்காலத்தில் கணிதத்தால் கட்ட முயன்றதும் இதைத்தான்.

கணிதத்தின் பக்கம் இந்தக் கேள்வி ஒரு வேடிக்கையான கணக்காகத் தொடங்கியது. சி. எல். லியு 1968இல் வெளியிட்ட கூட்டுக்கணித நூலில் வரும் கணக்கு இது: 11 விஞ்ஞானிகள் ஓர் ஆவணப் பெட்டியைப் பூட்டி வைக்கிறார்கள், அவர்களில் எந்த ஆறு பேர் சேர்ந்தாலும் திறக்க வேண்டும், ஐந்து பேர் மட்டும் சேர்ந்தால் திறக்கக் கூடாது, எத்தனை பூட்டு வேண்டும்? விடை 462 பூட்டுகள். ஒவ்வொருவரும் 252 சாவிகளைச் சுமக்க வேண்டும். கருவூலத்தின் இரட்டைப் பூட்டு இரண்டோடு நின்றதன் காரணம் இதில் விளங்கும். இரும்பில் ‘இவ்வளவு பேரில் இவ்வளவு பேர்’ என்ற ஏற்பாடு விரைவில் கட்டுக்கடங்காமல் போய்விடுகிறது. அடி ஷமீரும், அவரிடமிருந்து தனியாக ஜார்ஜ் பிளேக்லியும், 1979இல் இதற்கு இரும்பில்லாத விடை கண்டார்கள். ஷமீரின் முறை பள்ளி வடிவியலால் புரியும். ஒரு புள்ளி வழியாக எண்ணற்ற கோடுகள் போகும். இரண்டு புள்ளிகள் வழியாக ஒரே கோடுதான் போகும். இரகசிய எண்ணைக் கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடமாக வைத்து, அக்கோட்டின் மேல் மூன்று புள்ளிகளைத் தேர்ந்து மூவரிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தால், எவரேனும் இருவர் சேர்ந்து கோட்டை வரைந்து இரகசியத்தைக் கண்டுவிடலாம். ஒருவர் தனியாக என்ன முயன்றாலும் ஒன்றும் தெரியாது. மூவரில் இருவர் என்பது கருவூலத்தில் இல்லாத வசதி. ஒரு சாவி தொலைந்தாலும் பொருள் தப்பும், ஒரு சாவி திருடு போனாலும் பொருள் தப்பும்.

2009இல் பிட்காயின் வந்தபோது சொத்தின் மீதான ஆளுகை முழுவதும் ‘தனிச்சாவி’ என்ற ஒரு பெரிய எண்ணுக்குள் அடங்கியது. அந்த எண்ணை மனிதர் எழுதிவைக்க எளிதாக 12 அல்லது 24 சாதாரணச் சொற்களின் வரிசையாக மாற்றும் முறை 2013இல் வந்தது. இச்சொற்களே சொத்து என்று சொன்னால் பெரிய பிழையில்லை. இவற்றை யார் படித்தாலும் பணம் அவர் கைக்குப் போகும். 2012 ஏப்ரலில் பிட்காயினில் நடைமுறைக்கு வந்த ஒரு மாற்றம் ‘பல கையொப்ப முறை’யை எளிதாக்கியது. இதற்கும் ஷமீரின் முறைக்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. ஷமீரின் முறையில் பகுதிகளை ஓரிடத்தில் சேர்த்து முழுச் சாவியை உருவாக்க வேண்டும். அந்தக் கணத்தில் அந்தக் கணினியைத் தொடுபவர் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். பல கையொப்ப முறையில் முழுச் சாவி என்றே ஒன்று கிடையாது. மூன்று தனித்தனிச் சாவிகள் மூன்று இடங்களில் இருந்துகொண்டு, அவற்றில் இரண்டு தனித்தனியே கையொப்பமிட்டால் வலையமைப்பு பணத்தை நகர்த்தும். இரட்டைப் பூட்டுக்கு நேர் வாரிசு இதுதான்.

பல சாவி என்பதாலேயே காவல் உறுதி என்று எண்ணியவர்களுக்கு 2024 ஜூலை 18 ஒரு பாடம். வசீர்எக்ஸ் என்ற இந்திய மின்னணு நாணயச் சந்தையின் ஒரு வாலட்டுக்கு ஆறு கையொப்பக்காரர்கள் இருந்தார்கள்: ஐவர் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், ஒருவர் காவல் நிறுவனமான லிமினலைச் சேர்ந்தவர். ஐவரில் மூவரும் லிமினலும் ஒப்ப வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தும் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. திரையில் கண்டதும் கையொப்பமிட்டதும் வேறு வேறாக இருந்தன என்பது வசீர்எக்ஸ் கொடுத்த விளக்கம். யார் பக்கம் தவறு என்பதில் இரு நிறுவனங்களும் ஒத்துப்போகவில்லை; களவை வடகொரியா தொடர்புடைய குழு செய்ததாக அமெரிக்காவும் ஜப்பானும் தென்கொரியாவும் 2025 ஜனவரியில் அறிவித்தன. கருவூலத்தில் இரு அலுவலரும் ஒரே கதவின் முன் நின்று ஒரே அறையைப் பார்க்கிறார்கள். இங்கே ஒவ்வொருவரும் தன் திரையை மட்டுமே பார்த்தார்கள்.

அக்களவிலிருந்து பிறந்த வழக்கொன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. களவுபோன நாணயங்கள் ஒரு வகை, தன் கணக்கில் இருந்தவை வேறு வகை, ஆகவே இழப்பைத் தன் தலையிலும் பங்கிட்டுச் சுமத்தக் கூடாது என்று சென்னையிலிருந்து பணம் செலுத்திய ஒரு வாடிக்கையாளர் கேட்டார். 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய தீர்ப்பு, இத்தகைய நாணயம் தொட்டுணரும் பொருளும் அன்று, செலாவணியும் அன்று என்று ஒப்புக்கொண்டு, ஆனாலும் அது அனுபவிக்கவும் கைவசம் வைத்திருக்கவும் நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கவும் கூடிய சொத்து என்று சொன்னது. அதற்கு முன் இந்தியச் சட்டம் இதைத் தொட்டதெல்லாம் பெரும்பாலும் வரி விதிக்கத்தான்: 2022ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் ‘மெய்நிகர் டிஜிட்டல் சொத்து’ என்று பெயரிட்டு ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி விதித்தது. சொத்து என்று நீதிமன்றம் சொன்னபின் வாரிசுரிமை தானே தொடர்கிறது. உயில் எழுதாமல் இறந்த ஓர் இந்து ஆணின் நாணயங்களும், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவருடைய மகன், மகள், மனைவி, தாய் ஆகிய முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகச் சேரும்.

சேரும் என்று சட்டம் சொல்வதும் கைக்கு வருவதும் ஒன்றல்ல என்பதை உலகுக்குக் காட்டிய மரணம் இந்திய மண்ணில் நிகழ்ந்தது. குவாட்ரிகா என்ற கனடியச் சந்தையின் நிறுவனர் ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பர் 9 அன்று ஜெய்ப்பூரில் இறந்தார். 12 நாள்களுக்கு முன்புதான் அவர் உயில் எழுதியிருந்தார். வீடுகளும் பிறவும் அதில் இருந்தன. வாடிக்கையாளர்களின் நாணயங்களைத் திறக்கும் சாவிகள் அவரிடம் மட்டுமே இருந்தன என்று நிறுவனம் அறிவித்தது. ஒன்டாரியோ பங்குச்சந்தை ஒழுங்காணையம் 2020இல் விசாரணையை முடித்தபோது, அந்தப் பணத்தின் பெரும்பகுதி அவர் உயிரோடு இருந்தபோதே அவருடைய மோசடியில் கரைந்திருந்தது என்று தெரிந்தது. ஆனாலும் முதலில் அந்தக் கதையைப் பலர் நம்பினார்கள் என்பதே கவனிக்கத்தக்கது; ஒருவரின் தலைக்குள் இருந்த சாவி அவரோடு மறைந்துபோயிற்று என்பது அவ்வளவு நம்பக்கூடிய கதையாக இருந்தது.

பிள்ளைகள் வெளிநாட்டில் வேலை பார்க்க, பெற்றோர் சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ ஓய்வுக் காலத்தைக் கழிக்கும் குடும்பத்துக்கு மூவரில் இருவர் என்ற ஏற்பாடு இயல்பாகப் பொருந்துவதுபோல் தோன்றும்: ஒரு சாவி தந்தையிடம், ஒன்று மகளிடம், ஒன்று வங்கி லாக்கரில். இதில் மறைந்திருக்கும் சிக்கல்கள் மூன்று தலைமுறைச் சட்ட வரலாற்றையும் தொட்டுச் செல்கின்றன. சாவியின் பங்கும் சொத்தின் பங்கும் வெவ்வேறு என்பது முதலாவது. மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாவி கொடுத்த தந்தை சமமாகப் பிரித்துவிட்டதாக நினைப்பார். உண்மையில் எந்த இருவர் சேர்ந்தாலும் முழுத் தொகையையும் நகர்த்தலாம், மூன்றாமவருக்கு மிஞ்சுவது நீதிமன்றத்தில் மட்டும் செல்லும் உரிமை. கருவூலத்தில் பெரும்பான்மைக்கு இடமில்லை, இருவரும் வேண்டும். இங்கே பெரும்பான்மையே ஆட்சி.

அடுத்தது முற்றிலும் தொழில்நுட்பம் சார்ந்தது, ஆகையால் பெரும்பாலும் கவனத்திலிருந்து தப்பிவிடுவது. மூன்றில் இரண்டு சாவி இருந்தால் போதும் என்பது கையொப்பத்துக்கு மட்டும் பொருந்தும். அந்த முகவரி எந்த மூன்று சாவிகளால் கட்டப்பட்டது என்பதை வலையமைப்புக்கு நிறுவ மூன்றாவது சாவியின் பொதுப் பகுதியும் வேண்டும். பொதுச்சாவி என்பது பூட்டைக் காட்டும், ஆனால் திறக்காது. தந்தையின் 24 சொற்களும் மகளின் 24 சொற்களும் எஃகுத் தகட்டில் பொறித்துப் பத்திரமாக இருந்தும், மூன்றாவது சாவியின் பொதுப் பகுதி எழுதப்பட்ட அமைப்புக் குறிப்பு தொலைந்துவிட்டால், இரண்டு சரியான சாவிகள் இருந்தும் பூட்டு திறக்காது. ஆகவே அமைப்புக் குறிப்பின் நகல் ஒவ்வொரு சாவியோடும் இருக்க வேண்டும். அது பிறர் கையில் பட்டால் பணம் போகாது, இருப்பு எவ்வளவு என்பது மட்டும் தெரியவரும்.

சொற்களை உயிலிலேயே எழுதிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் வரும். பதிவுச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 3ஆம் புத்தகத்தில் ஏறிய உயிலின் நகலை, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும் தருவார்கள். அவர் இறந்தபின் விண்ணப்பிக்கும் எவருக்கும் தரலாம் என்கிறது 57ஆம் பிரிவு. முத்திரையிட்ட உறையில் காவலுக்கு வைத்த உயிலும் கடைசியில் அதே புத்தகத்துக்குத்தான் போகிறது. வீட்டின் எல்லையைத் தெரு முழுவதும் படித்தாலும் வீடு நகராது. 24 சொற்களைச் சார்பதிவாளர் அலுவலக எழுத்தர் படித்தாலே பணம் நகர்ந்துவிடும். எனவே உயிலில் இருக்க வேண்டியவை சொத்தின் இருப்பு, யாருக்கு எவ்வளவு, சாவிக்காரர்கள் யார், உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர் யார் என்பன. சொற்கள் வேறிடத்தில் இருக்க வேண்டும். அந்த உயிலைக் கணினியில் எழுதி மின்னணுக் கையொப்பம் இடவும் முடியாது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் தன் முதல் அட்டவணையில் உயிலை வெளியே நிறுத்தியிருக்கிறது; முற்றிலும் மின்னணுவான சொத்துக்கும் தாளில் எழுதி இரு சாட்சிகள் கையெழுத்திட்ட உயிலே செல்லும்.

உயில் இல்லாதபோது குடும்பங்கள் நாடும் வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் தருவார். அது வாரிசுகள் யார் யார் என்று மட்டும் சொல்லும். நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் கடன்களுக்கும் பங்கு போன்ற பத்திரங்களுக்கும் ஆனது, ஏனென்றால் அங்கே பணம் தர வேண்டிய ஒரு வங்கியோ நிறுவனமோ எதிரில் இருக்கிறது. சந்தையில் கிடக்கும் நாணயத்துக்கு அப்படியொரு நிறுவனம் உண்டு. சொந்தச் சாவியில் இருக்கும் நாணயத்துக்குச் சான்றிதழை நீட்ட எதிரில் ஆளே இல்லை. இந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தது ‘காலப் பூட்டு’. 2015 டிசம்பரில் பிட்காயினில் நடைமுறைக்கு வந்த கட்டளை, குறித்த தேதி வரை பணத்தை நகர்த்த முடியாதபடி செய்தது. 2016இல் வந்த மற்றொன்று, கடைசி அசைவிலிருந்து இவ்வளவு காலம் கழிந்தால் வேறொரு சாவியும் செல்லும் என்று எழுத வழி செய்தது. தந்தை ஆண்டுக்கொருமுறை தன் நாணயத்தைத் தனக்கே அனுப்பிக் கடிகாரத்தைப் புதுப்பிப்பார். அவர் நின்றுவிட்டால், காலம் முடிந்ததும் மகளின் சாவி தானே உயிர்பெறும். பதிவாளரின் பெட்டி மரணத்துக்குச் சான்று கேட்கும். காலப் பூட்டு கேட்பது அசைவின்மையை மட்டும்; மறதி நோயில் படுத்திருப்பவருக்கும் இறந்தவருக்கும் அதனிடம் வேறுபாடு இல்லை. இதனால் இதைப் பயன்படுத்துவோர் மகளின் சாவி தனித்துச் செல்லாமல், அதோடு உயிலின் பொறுப்பாளர் சாவியும் சேர்ந்தால்தான் செல்லும் என்று அமைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பொறுப்பாளரும் வயதாகக் கூடியவர், ஊர் மாறக் கூடியவர். அவரை மாற்றினால் மூன்று சாவிகளின் அமைப்பே மாறிவிடும், புதிய முகவரிக்கு முழுத் தொகையையும் அனுப்பி, புதிய அமைப்புக் குறிப்பை எழுதி, எல்லோரிடமும் பழைய நகலை வாங்கிக் கிழித்துப் புதியதைக் கொடுக்க வேண்டும். கருவூலத்தில் அலுவலர் மாறும்போது பதிவேட்டில் ஒரு வரியோடு முடியும் வேலை இது. வீட்டில் இதற்கான பதிவேட்டைத் தொடங்குவதும் ஆண்டுதோறும் சரிபார்ப்பதும் உரிமையாளரின் பொறுப்பு.